வெயில் தோட்டத்துக்கு மஞ்சள் பூக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலை முதல் மாலை வரை வெயில் விழும் வாசல், லாரி வந்தால்தான் தண்ணீர் என்கிற மனை, சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு முழ அகலத்துக்கு மண். தமிழ்நாட்டுச் சமவெளியில் பலருக்குத் தோட்டம் என்றால் இவ்வளவுதான். இந்த இடத்தில் ஒரு முறை நட்டால் பல வருடம் நிற்க வேண்டும், அதிகம் கவனிக்காவிட்டாலும் பூக்க வேண்டும், பூ மஞ்சளாக இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்காக எழுதியது இது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கும் தனியாக ஒரு கேள்வி உண்டு.

எந்தெந்தச் செடிகளை நம்பி வைக்கலாம்?

தண்ணீர் இல்லாமலே சமாளிப்பவை என்றால் ஆவாரை, செம்முள்ளி, மஞ்சள் அரளி, துத்தி. கொஞ்சம் தண்ணீர் கிடைத்தால் வருடத்தில் பெரும்பகுதி பூப்பவை சொர்ணப்பட்டி, டர்னெரா. நல்ல வெயிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்பவை அலமண்டா, கல்வாழை, சாமந்தி. மழை வந்தால் மட்டும் தலைகாட்டும் மஞ்சள் மழை லில்லி ஒரு ஓரத்தில் இருக்கட்டும். அதற்கு எந்தச் செலவும் இல்லை. கிழங்கை இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்துவிட்டு மறந்துவிடலாம். காய்ந்து கிடந்த மண்ணில் ஒரு நல்ல மழை பெய்தால் சில நாளில் மொட்டு விடும்.

துலுக்க சாமந்தியும் சூரியகாந்தியும் இந்தப் பட்டியலில் இல்லை. இரண்டும் அழகுதான், ஆனால் ஒரு பருவத்தோடு முடிந்துவிடும்.

முழு வெயில் என்றால் எவ்வளவு நேரம்?

நேரடி வெயில் குறைந்தது 6 மணி நேரம். கிழக்குப் பார்த்த பால்கனியில் காலை வெயில் நான்கு மணி நேரம் விழுந்தால் டர்னெராவும் சாமந்தியும் ஓரளவு பூக்கும். ஆவாரையும் சொர்ணப்பட்டியும் அங்கே வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வளருமே தவிர பூவைக் காட்டாது.

மேற்குச் சுவரை ஒட்டிய இடம் வேறு கதை. பகலெல்லாம் சூடேறிய சுவர் இரவிலும் அனல் வீசும். அங்கே சாமந்தி வேண்டாம். மஞ்சள் கனகாம்பரத்துக்கும் அந்த இடம் ஆகாது, அது லேசான நிழலை விரும்பும் செடி. செம்முள்ளியை வையுங்கள், ஒன்றும் ஆகாது.

ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் இருக்கிறது. எதை வைப்பது?

ஆவாரை. யோசிக்கவே வேண்டாம்.

நெடுஞ்சாலை ஓரத்தில், ஏரிக்கரையில், சரளை மண்ணில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கும் செடி இது. அதனாலேயே வீட்டுத் தோட்டத்தில் இதற்கு மதிப்பு இல்லாமல் போய்விட்டது. ஆள் உயரத்துக்கு வளரும், விட்டால் கொஞ்சம் கூடவும் போகும். பொங்கலுக்கு முன் வீட்டு நிலையில் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்துக் கட்டும் பூ இதுதான். பனைமடல் குதிரையில் ஏறி வரும் சங்கப் பாடல் தலைவன் சூட்டிக்கொண்டதும் இந்தப் பூதான். தெலங்கானாவில் இதைத் தங்கேடு என்பார்கள். அங்கே மாநிலப் பூவே இதுதான், பதுக்கம்மா பண்டிகையில் பூக்களை அடுக்கும்போது இது இல்லாமல் இருக்காது. பட்டையில் துவர்ப்புச் சத்து அதிகம் என்பதால் முன்பு தோல் பதனிடுவதற்காகவே வண்டி வண்டியாக வெட்டினார்கள். வெட்ட வெட்டத் துளிர்த்து வந்த செடி அது.

பூத்திருக்கும் நாளில் காலையில் கொஞ்ச நேரம் செடியருகில் நின்று பாருங்கள். கட்டை விரல் பருமனுள்ள கருவண்டு ஒன்று வரும். பூவில் உட்கார்ந்ததும் அதன் ரீங்காரம் சட்டென்று மாறும், சுருதி ஏறும். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் வெளியே கொட்டிக் கிடக்காது. நீண்ட மகரந்தப் பைகளின் நுனியில் சின்னத் துளை மட்டும் இருக்கும். வண்டு பூவை இறுகப் பிடித்துக்கொண்டு சிறகுத் தசையை அதிர விட்டால்தான் அந்தத் துளை வழியாக மகரந்தம் பீய்ச்சிக்கொண்டு வரும். வண்டு கிளம்பும்போது அதன் வயிற்றில் மஞ்சள் பொடி அப்பியிருப்பது தெரியும். இப்படி அதிர வைக்கத் தெரியாத பூச்சிக்கு இந்தப் பூவில் அதிகம் கிடைக்காது. ஒரு ஆவாரை இருந்தால் கருவண்டு வீடு தேடி வரும், அது வந்தால் பக்கத்தில் இருக்கும் தக்காளிக்கும் கத்தரிக்கும் காய் பிடிக்க உதவும். அந்தப் பூக்களுக்கும் இதே போன்ற அதிர்வு பிடிக்கும்.

ஆவாரையைச் சாலையோரத்திலிருந்து பிடுங்கி வந்து நட்டேன், பட்டுப்போய்விட்டது. ஏன்?

அதன் ஆணிவேர் சீக்கிரமே ஆழத்துக்குப் போய்விடும். பிடுங்கும்போது வேரில் பாதி மண்ணுக்குள்ளேயே நின்றுவிடுகிறது, மிச்சம் இருப்பது இலைகளுக்குத் தண்ணீர் அனுப்பப் போதாது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பிழைப்பது அரிது.

விதை போடுவதுதான் வழி. நெற்று பழுப்பாகிக் காய்ந்ததும் பறித்து விதையை எடுங்கள். விதைத்தோல் கடினமானது, அப்படியே போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். ஒரு டம்ளரில் விதையைப் போட்டு, கொதித்து இறக்கிய வெந்நீரைச் சிறிது ஆறவிட்டு ஊற்றி, இரவு முழுக்க அதிலேயே ஊற விடுங்கள். காலையில் உப்பியிருக்கும் விதைகளை எடுத்து, செடி எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே அரை அங்குல ஆழத்தில் குழிக்கு மூன்றாக ஊன்றுங்கள். உப்பாத விதைகளை உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து மறுபடியும் ஊற வைக்கலாம். முளைத்தபின் திடமான ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பையில் வளர்த்துத்தான் நட வேண்டும் என்றால் உயரமான பையாக எடுத்து, செடி ஒரு சாண் ஆவதற்குள் தரைக்கு மாற்றிவிட வேண்டும்.

நர்சரியில் 'தங்க அரளி' என்று கொடுத்தார்கள். இணையத்தில் பார்த்தால் விஷம் என்கிறார்கள். என்னிடம் இருப்பது எது?

அந்தப் பெயரில் இரண்டு செடிகள் விற்கின்றன. அதனால்தான் இந்தக் குழப்பம். பிரித்துப் பார்ப்பது எளிது.

ஒரு இலையைக் கிள்ளுங்கள். வெள்ளையாகப் பால் வடிந்தால், இலை ஒற்றையாக, ஒடுங்கி நீண்டு பளபளவென்று இருந்தால், அது மஞ்சள் அரளி. பூ புனல் மாதிரி, முழுக்க விரியாமல் இருக்கும். காய் பச்சையாக, முனைகள் மழுங்கிய ஒரு வினோத வடிவத்தில் தொங்கும். பால் வரவில்லை, இலை ஒரு காம்பில் இரண்டு பக்கமும் சிற்றிலைகளாக, ஓரம் ரம்பப் பல் வைத்து இருக்கிறது, காய் ஒரு சாண் நீளத்துக்குக் குச்சி போலத் தொங்குகிறது என்றால் அது சொர்ணப்பட்டி. இரண்டுமே அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தவை. பஹாமாஸ் நாட்டின் தேசியப் பூவாக இருப்பது சொர்ணப்பட்டிதான்.

மஞ்சள் அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு, விதை மிகக் கொடியது. இதயத் துடிப்பையே குலைக்கும். கோயிலிலும் வீட்டுப் பூஜையிலும் நூற்றுக்கணக்கான வருடமாகப் பழகிய செடி என்பதால் பயம் விட்டுப்போயிருக்கிறது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை வைக்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். ஏற்கெனவே மரமாக நிற்கிறது, வெட்ட மனமில்லை என்றால் காய் பிடிக்கப் பிடிக்கப் பறித்து ஆழமாகப் புதைத்துவிடுங்கள். ஆடு மாடு மேயும் இடத்தில் கவாத்துக் குச்சியைப் போடாதீர்கள். அடுப்பிலும் வைக்க வேண்டாம். யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் செய்து நேரம் போக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். என்ன தின்றார்கள் என்று காட்ட ஒரு இலையும் காயும் கையில் இருக்கட்டும்.

அலமண்டாவின் பாலும் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், உள்ளே போனால் வயிற்றைப் பிடுங்கும். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணைத் தொடாதீர்கள்.

எந்த மாதத்தில் நடலாம்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயம், அதாவது புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி நடுப்பகுதி வரை. அப்போது நட்டால் வேர் பிடிக்க மழை இருக்கிறது, மார்கழி, தை குளிர்ச்சி இருக்கிறது, வெயில் ஏற ஆரம்பிக்கும்போது செடிக்கு நான்கைந்து மாத வயது ஆகியிருக்கும். மே மாத அக்னி நட்சத்திரத்தைத் தாண்டிவிட்ட செடி அதற்குப் பிறகு சாவது அபூர்வம்.

பலரும் செய்வது மாசி, பங்குனியில் நர்சரிக்குப் போவது. அப்போதுதான் எல்லாம் பூத்து நிற்கும், பார்த்ததும் வாங்கத் தோன்றும். வாங்குங்கள், ஆனால் தரையில் நடாமல் பையிலேயே அரை நிழலில் வைத்திருந்து மழைக்கு நடுங்கள். தென்மேற்குப் பருவமழை எட்டிப் பார்க்கும் தென்காசி, கோவை, கன்னியாகுமரிப் பக்கம் ஆடியிலேயே நடலாம்.

தண்ணீர் தேங்கும் தாழ்வான மனையாக இருந்தால் கார்த்திகை மழை முடிந்தபின் மேடு கட்டி நடுவது நல்லது. சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

தண்ணீர் எப்படி ஊற்றுவது? தினமும் ஊற்றியும் செடி வாடுகிறதே?

தினமும் ஊற்றுவதுதான் பிரச்சினை. சாயங்காலம் ஓஸ் பைப்பைப் பிடித்து மேலாக நனைத்தால் மேல் மண் இரண்டு அங்குலம் மட்டும் ஈரமாகும். வேரும் ஈரம் தேடி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். சித்திரையில் அந்த இரண்டு அங்குலம்தான் முதலில் கொதிக்கும். ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்து வந்தால் செடி காய்ந்து நிற்கும்.

நட்ட முதல் மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்புறம் வாரம் இரண்டு தடவை, ஆனால் ஒவ்வொரு தடவையும் செடிக்கு ஒரு குடம், மெதுவாக, மண் உறிஞ்ச உறிஞ்ச. வாளியின் அடியில் ஆணியால் சின்ன ஓட்டை போட்டு செடிப் பக்கத்தில் வைத்துவிட்டால் அதுவே சொட்டு நீர்ப் பாசனம். முதல் கோடை முழுக்க இதை விடாமல் செய்ய வேண்டும். அந்த ஒரு கோடைதான் செடியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. அடுத்த வருடத்திலிருந்து ஆவாரை, செம்முள்ளி, மஞ்சள் அரளி மூன்றுக்கும் தண்ணீரையே நிறுத்திவிடலாம். சொர்ணப்பட்டிக்குக் கோடையில் பத்து நாளுக்கு ஒரு முறை போதும்.

ஊற்றலாமா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால் விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். மத்தியான வெயிலில் இலை துவண்டிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை, சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். செடியைச் சுற்றி சருகோ தென்னை மட்டைத் துண்டோ நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்பி வையுங்கள், தண்டை மட்டும் தொடாமல்.

துணி துவைக்கும் தண்ணீரை விடலாமா?

கல்வாழைக்கு விடலாம். கழிவுநீரைச் சுத்தப்படுத்தக் கட்டும் நாணல் படுகைகளில்கூட இதை நடுகிறார்கள். மஞ்சள் பூக்கும் ரகம் கேட்டு வாங்கி, துவைக்கும் கல்லிலிருந்து தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் நட்டுவிடுங்கள். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டினால் பக்கத்தில் புதுத் தண்டு வரும். சோப்புத் தண்ணீரை ஆவாரைக்கும் சாமந்திக்கும் விடாதீர்கள்.

என்ன உரம் போடலாம்? செடி பச்சைப் பசேலென்று இருக்கிறது, பூதான் இல்லை.

உரம் கூடிப்போனதால் வந்தது அது. யூரியாவோ கடலைப் பிண்ணாக்குக் கரைசலோ அடிக்கடி ஊற்றினால் செடி இலையும் தண்டுமாகக் கொழுக்கும், பூக்க வேண்டிய அவசியமே அதற்கு இருக்காது. இரண்டு மாதம் எதுவும் போடாமல், தண்ணீரையும் குறைத்துப் பாருங்கள்.

நடும்போது குழிக்கு இரண்டு கை மக்கிய தொழு உரமும் ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கும் போதும். ஆவாரைக்கு அதுகூட வேண்டாம். சொர்ணப்பட்டிக்கு வருடத்துக்கு ஒரு முறை மழைக்கு முன் கொஞ்சம் தொழு உரம். அதிகம் சாப்பிடுவது சாமந்தியும் கல்வாழையும் மட்டும்தான்.

இலை மஞ்சளாகிறது. பூ மஞ்சளாக வேண்டும் என்றால் இலை மஞ்சளாகிறதே!

எந்த இலை என்று பாருங்கள், விடை அதில்தான் இருக்கிறது. அடியில் உள்ள பழைய இலைகள் மட்டும் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்துக் குறைவு, அல்லது வெறும் வயது. செடி முழுக்க வெளிறி, மண்ணும் சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகுகிறது. தண்ணீரை நிறுத்தி மண்ணைக் கிளறிக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும்.

நுனியில் வரும் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு போட்டது போல் நின்றால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. சுக்கான் மண்ணிலும், உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த போர் தண்ணீர் ஊற்றும் இடங்களிலும் சொர்ணப்பட்டி, அலமண்டா, மஞ்சள் செம்பருத்தி எல்லாவற்றுக்கும் இது வரும். மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் சுண்ணாம்பு அதைச் செடிக்கு எட்டாமல் பூட்டி வைத்திருக்கும். அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட், 5 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, எலுமிச்சைச் சாறு சில துளி விட்டு, வெயில் தாழ்ந்தபின் இலையின் இரு பக்கமும் படும்படி தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை தெளித்தால் புதிதாக வரும் இலை பச்சையாக வரும். மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்ற முடிந்தால் அதைவிட நல்ல மருந்து இல்லை.

சாமந்தி பூத்த செடியாக வாங்கினேன். அடுத்த வருடம் பூக்கவே இல்லை. அதுவும் பல வருடம் நிற்கும் செடிதானே?

பல வருடம் நிற்கும், ஆனால் அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. பூத்து முடிந்ததும் தண்டைத் தரையிலிருந்து நான்கு விரற்கடை விட்டு வெட்டிவிட வேண்டும். அடியிலிருந்து பக்கக் கன்றுகள் வரும். அவற்றைக் கோடையில் அரை நிழலில் காப்பாற்றி, ஆனி, ஆடியில் பிரித்து வெயிலில் நட வேண்டும். நட்டு நான்கு வாரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் அடித்துப் புதராகும். கிள்ளாமல் விட்டால் ஒற்றைக் குச்சியாக உயர்ந்து உச்சியில் நாலு பூவோடு சாயும். திண்டுக்கல், சேலம், கிருஷ்ணகிரிப் பக்கம் தோட்டக்காரர்கள் செய்வதும் இதைத்தான்.

இவ்வளவும் செய்து பூக்கவில்லை என்றால் இரவில் செடியருகே போய்ப் பாருங்கள். தெருவிளக்கோ வாசல் எல்இடி விளக்கோ அதன் மேல் விழுகிறதா? சாமந்தி மொட்டுக் கட்டுவது இரவு நீளும்போது. ஐப்பசிக்கு மேல் பகல் குறைந்து இரவு நீள்வதை அது இலை வழியாக உணர்கிறது. விடிய விடிய விளக்கு எரிந்தால் செடிக்கு இன்னும் கோடைதான். கம்பத்துக்கு நேர் கீழே உள்ள செடி இலையாகவே நிற்க, பத்தடி தள்ளி இருட்டில் இருக்கும் செடி கொத்தாகப் பூத்திருப்பதைப் பார்க்கலாம். தொட்டியை இருட்டான பக்கம் நகர்த்துங்கள். தரையில் இருந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, காலையில் எடுங்கள். மொட்டு நன்றாகத் தெரியும் வரை இதைத் தொடர வேண்டும்.

தரை முழுக்கப் படர்ந்து மஞ்சளாகப் பூக்கும் ஒரு செடியை 'மஞ்சள் கரிசலாங்கண்ணி' என்று விற்கிறார்கள். நடலாமா?

பெரும்பாலும் அது கரிசலாங்கண்ணி அல்ல, வெடிலியா. இலையைப் பாருங்கள்: மூன்று மடலாகப் பிரிந்து, பளபளவென்று தடிமனாக இருந்தால் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த வெடிலியா. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இதுவும் ஒன்று. ஒரு கணு மண்ணில் பட்டால் போதும், வேர் விட்டுவிடும். வெட்டிப் போட்ட துண்டு மழைநீரோடு போய் ஓடைக்கரையில் ஏறினால் அங்கே இருந்த கீரையும் புல்லும் மிஞ்சாது. நம்முடைய மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி, மடல் பிரியாமல், சொரசொரப்பாக இருக்கும். ஈரமான இடத்தில்தான் நன்றாக வரும்.

வெடிலியாவைத் தயவுசெய்து நடாதீர்கள். பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லி விற்பார்கள், அது உண்மைதான். அதே காரணத்தால்தான் அது வேலி தாண்டிப் போகிறது. உண்ணிச்செடியும் இப்படித் தோட்டத்துக்கு அழகுக்காக வந்து காட்டைப் பிடித்ததுதான். சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற மஞ்சள் கொன்றை மரம் இப்போது முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் பரவி, அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பும் வேலை நடக்கிறது. சொர்ணப்பட்டியும் சில நாடுகளில் களையாகிவிட்டது. அதன் விதை காகிதச் சிறகோடு காற்றில் பறக்கும். வைத்திருப்பவர்கள் காய் முற்றி வெடிக்கும் முன் வெட்டிவிடுங்கள், அடுத்த பூவும் சீக்கிரம் வரும்.

வேலிக்கு வைக்க ஏதாவது உண்டா?

செம்முள்ளி. காட்டுக் கனகாம்பரம் என்றும் சொல்வார்கள். இடுப்பு உயரம், இலைக்கக்கத்தில் கூர்மையான முள், மழை முடிந்த பிறகு தை வரை வெளிர் மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பூ. ஒரு சாண் குச்சியை மழைக்காலத்தில் ஒன்றரை அடி இடைவெளியில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். ஆடு நுழையாது, சுவரேறிக் குதிப்பவரும் யோசிப்பார். நர்சரிகளில் கிடைப்பது கஷ்டம், கிராமத்தில் யாராவது வேலியில் வைத்திருப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

மாடியில் தொட்டியில் வளர்க்கலாமா?

டர்னெரா, சாமந்தி, மழை லில்லி நன்றாக வரும். டர்னெராவின் பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும். வேலைக்குப் போய்விட்டு மாலை திரும்புபவர்கள் பூக்கவே இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்களுக்குத் துத்தி பொருத்தம், அதன் பூ பிற்பகலுக்கு மேல்தான் விரியும்.

சொர்ணப்பட்டிக்கும் அலமண்டாவுக்கும் ஒன்றரை அடி அகலத் தொட்டியாவது வேண்டும். ஆவாரையைத் தொட்டியில் வைத்தால் இருக்கும், ஆனால் செழிக்காது. மண்ணுக்குச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. வெறும் தேங்காய் நார்க்கழிவில் நட்டால் கோடையில் ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் வேர் கருகும். கறுப்பு நிறப் பைகள் மொட்டை மாடியில் அடுப்பாகச் சூடேறும். வெளியே சணல் சாக்கைச் சுற்றிவிடுங்கள், தளத்தின் மேல் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தண்ணீர் வெளியேறவும் அது நல்லது.

எப்போது வெட்டிவிடுவது?

பூப்பதெல்லாம் புதுக் கிளையில். அதனால் வெட்டத் தயங்கக் கூடாது. சொர்ணப்பட்டியை ஆனி, ஆடியில் மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் மழைக்குப் பிறகு கொள்ளாமல் பூக்கும். வெட்டாமல் விட்டால் மரமாகி, பூவெல்லாம் மொட்டை மாடிக்காரர்களுக்கு மட்டும் தெரியும். அலமண்டாவை வெயில் ஏறும் முன் மாசியில். ஆவாரையைப் பொங்கலுக்குப் பூப் பறித்து, நெற்று முற்றி விதை எடுத்த பிறகு.

ஆவாரை இலையெல்லாம் பச்சைப் புழு தின்றுவிட்டது. என்ன மருந்து அடிப்பது?

எதுவும் வேண்டாம். பக்கவாட்டில் வெளிர்க்கோடு ஓடும் மெல்லிய பச்சைப் புழு என்றால் அது பட்டாம்பூச்சியின் குழந்தை. வெள்ளையில் லேசாகப் பச்சையோ மஞ்சளோ கலந்து, வேகமாக நேர்க்கோட்டில் பறக்குமே, அந்தப் பட்டாம்பூச்சி முட்டையிடுவது ஆவாரை, கொன்றை இனச் செடிகளில்தான். கொஞ்ச நாளில் புழு கூட்டுப்புழுவாகும், செடி மறுபடி துளிர்க்கும். பெரிய ஆவாரைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சின்ன நாற்றாக இருந்தால் மட்டும் புழுவை எடுத்து வேறு செடியில் விடுங்கள். டர்னெராவில் முள்முள்ளாக இருக்கும் கம்பளிப் புழுவும் பட்டாம்பூச்சிதான்.

மாவுப்பூச்சி வேறு விஷயம். செம்பருத்தியின் நுனியில் வெள்ளைப் பஞ்சு அப்பியது போல் இருந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து வாரம் ஒரு முறை மாலையில் தெளிக்கலாம். எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். அதுதான் மாவுப்பூச்சியைக் காவல் காத்து வளர்க்கிறது. அரளி நுனியில் மஞ்சள் அசுவினி வந்தால் அந்த நுனியைக் கிள்ளி எறிந்தாலே போதும்.

புதர் வளர்ந்தால் பாம்பு வருமா?

பாம்பு பூவுக்கு வருவதில்லை, எலிக்கும் ஒளிந்துகொள்ளும் இடத்துக்கும் வருகிறது. செடிகளின் அடிக்கிளைகளைத் தரையிலிருந்து ஒரு அடி வரை நீக்கித் தரை தெரியும்படி வையுங்கள். செங்கல் குவியல், மட்டைக் குவியல் பக்கத்தில் வேண்டாம்.

ஊட்டியில் இருக்கிறோம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிறது. இதெல்லாம் இங்கே வருமா?

வராது. ஆவாரையும் அலமண்டாவும் சமவெளிக்காரர்கள். உங்களுக்கு வேறு செல்வம் இருக்கிறது. நீலகிரிப் புல்வெளிகளிலும் சோலை ஓரங்களிலும் இயற்கையாகவே வளரும் ஹைபெரிகம் மைசூரென்ஸ் என்ற புதர் உண்டு. உள்ளங்கையில் பாதி அகலத்துக்கு அடர்மஞ்சள் பூ, நடுவில் தூரிகையாக மகரந்தத் தாள்கள். உறைபனியும் காற்றும் அதற்குப் பழக்கம். உள்ளூர் நாற்று வளர்ப்பவர்களிடம் கேட்டு வாங்குங்கள், காட்டிலிருந்து பிடுங்க வேண்டாம். கோரியாப்சிஸ், ருட்பெக்கியா, மஞ்சள் டே லில்லி மூன்றும் குளிர்நாட்டுப் பல்லாண்டுச் செடிகள், குளிரில் மேல்பாகம் வாடினாலும் வேரிலிருந்து மீண்டும் வரும். இவற்றை மேட்டுப் பாத்தியில் வையுங்கள். மலை மழையில் வேர் அழுகுவதுதான் இவற்றுக்குப் பனியைவிடப் பெரிய எதிரி.

முள்ளோடு மஞ்சளாகப் பூக்கும் கோர்ஸ், துடைப்பக் குச்சி போன்ற பச்சைத் தண்டோடு நிற்கும் ஸ்காட்ச் புரூம் இரண்டையும் மட்டும் தொடாதீர்கள். ஆங்கிலேயர் காலத்தில் வந்து நீலகிரிப் புல்வெளியை இன்றும் விழுங்கிக்கொண்டிருப்பவை. கொடைக்கானல் சாலையோரம் பெரிய சூரியகாந்தி போலப் பூக்கும் டித்தோனியாவும் அதே ரகம்.

ஆவாரம்பூவை டீ போட்டுக் குடிக்கலாமா?

மருந்து தெளிக்காத, சாலைப் புகை படாத செடி என்றால் பூவை நிழலில் உலர்த்திக் குடிக்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்புவது ஆபத்து.

நாற்று எங்கே கிடைக்கும்?

சொர்ணப்பட்டி, அலமண்டா, கல்வாழை, சாமந்தி எந்த நர்சரியிலும் கிடைக்கும். வாங்கும்போது நிறையப் பூத்திருப்பதை எடுக்காமல், குட்டையாக, அடியிலிருந்து கிளைத்து, பையின் அடி ஓட்டையில் வேர் சுருண்டு வெளியே வராததாகப் பார்த்து எடுங்கள். ஆவாரைக்கும் துத்திக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. பொங்கல் கழிந்து ஒரு மாதத்தில் ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு சாலையில் நடந்தால் காய்ந்த நெற்று கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். ஒரு செடியில் எல்லாவற்றையும் பறிக்காமல் நாலைந்து செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, காகித உறையில் போட்டு, மாதத்தை எழுதி வைத்துவிடுங்கள். புரட்டாசியில் ஊற வைக்கலாம்.